கணப்புக் காசு

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், தேம்ஸ் நதிக்கரையில் ஹாம்ப்டன் என்று ஓர் ஊர். 1811இல் அங்கிருந்த பொது நிலங்களுக்கு வேலி போட்டார்கள். அதுவரை அந்தப் புறம்போக்கில்தான் ஊர் ஏழைகள் சுள்ளி பொறுக்கினார்கள், முட்புதரை வெட்டிக் காயவைத்துக் கணப்பு மூட்டினார்கள். நிலம் தனியார் கைக்குப் போனதும் அந்தப் பாத்தியதையும் போயிற்று. ஈடாகச் சுமார் 10 ஏக்கரை ஒதுக்கி, அதில் வரும் வருமானத்தில் ஏழைகளுக்கு எரிபொருள் வாங்கித் தரவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 1988இல் அந்த நிலத்தை ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தப் பணத்தை முதலீடு செய்து வைத்திருக்கும் அறக்கட்டளை, ஊரில் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளுகிறவர்களின் கேஸ் பில்லுக்கும் கரண்ட் பில்லுக்கும் இன்றைக்கும் உதவுகிறது. சுள்ளி பொறுக்கும் உரிமைக்குக் கிடைத்த நஷ்டஈடு, 200 ஆண்டு கழித்து பாயிலரை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லா ஊர் ஏழைகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பல இடங்களில் மாதாகோயில் தர்மமாகக் குளிர்காலத்தில் விதவைகளுக்குக் கொஞ்சம் நிலக்கரி கிடைக்கும், அவ்வளவுதான். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் முடிவு செய்வார்கள். யார் வீட்டில் கணப்பு எரியவில்லை என்பது ஊருக்கே தெரியும். சிக்கல் தொடங்கியது அந்தப் பொறுப்பு லண்டனில் இருக்கும் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகுதான். கோடிக்கணக்கான வீடுகளில் எந்த வீட்டுக்குள் குளிர்கிறது என்பதை ஒரு அமைச்சகம் எப்படித் தெரிந்துகொள்ளும்? இன்றைக்கு பிரிட்டனில் ‘வின்டர் ஃப்யூல் பேமென்ட்’ என்று அழைக்கப்படும் குளிர்காலப் பணம் பிறந்ததும், வளர்ந்ததும், 2024இல் ஓர் அரசாங்கத்தையே ஆட்டிப் பார்த்ததும் இந்த ஒரு கேள்வியால்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வையைக் கூடுதலாகப் போர்த்திக்கொண்டால் தீர்ந்தது. அங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வீட்டைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கேஸில் ஓடும் பாயிலர் தண்ணீரைச் சூடாக்கி, அறைதோறும் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. சூடாக்காமல் விட்டால் சுவர் ஈரம் கட்டும், பூஞ்சை பிடிக்கும். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சில் சளி கட்டும், பக்கவாதமும் மாரடைப்பும் நெருங்கிவரும். 1999-2000 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஆண்டின் மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால் சுமார் 48,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். ஃப்ளூ காய்ச்சலுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனாலும் பிரிட்டனைவிடப் பன்மடங்கு குளிரும் ஸ்காண்டினேவிய நாடுகளில் குளிர்காலச் சாவு விகிதம் இந்த அளவுக்கு ஏறுவதில்லை. அங்கே வீடுகளைக் குளிருக்கென்றே கட்டுகிறார்கள். இங்கிலாந்தின் வீடுகளில் ஐந்தில் ஒன்று 1919க்கு முன்னால் கட்டியது. ஜன்னல் இடுக்கிலும் கூரை வழியாகவும் காசு போட்டு ஏற்றிய சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1948இல் தேசிய உதவித் திட்டம் வந்தபோது, அதன் அதிகாரிகளுக்கு ஒரு சின்ன அதிகாரம் இருந்தது. வயதானவர், நோயாளி, ஈரம் கசியும் வீட்டில் இருப்பவர் என்று பட்டால் வாராந்தர உதவித்தொகையோடு கணப்புச் செலவுக்கு என்று கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். பாதிரியார் செய்ததை இப்போது அதிகாரி செய்தார். அது ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கட்டணங்கள் ஏறின. நிலக்கரிக் கணப்புள்ள பழைய வரிசை வீடுகளை இடித்துவிட்டு ஏழைகளை நகராட்சி அடுக்குமாடிகளுக்குக் குடிமாற்றியிருந்த காலம் அது. அவற்றில் பலவற்றில் கரண்ட் ஹீட்டர்தான், வேறு வழி கிடையாது. கரி என்றால் கையில் காசு இருக்கும்போது ஒரு மூட்டை வாங்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வாரம் வாங்கலாம். கரண்ட் அப்படி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு பில் வரும், கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். 1975இல் இதற்கென்றே ஓர் இயக்கம் தோன்றியது. எரிபொருள் ஓர் உரிமை என்றது அது. 1981இல் நியூகாசலில் இன்னொரு அமைப்பு தொடங்கி, ஏழைகளின் வீட்டுக் கூரைக்கு அடியில் சூடு தாங்கும் பஞ்சை அடைக்க ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே உருப்படியான வேலையைச் செய்தவர்கள் இந்தப் பஞ்சடைத்த கூட்டம்தான். அரசாங்கம் பெரிய பணத்தோடு போனது வேறு பாதையில்.

அந்தப் பாதையின் முதல் வழிகாட்டி தெர்மாமீட்டர். அசாதாரணக் குளிர் அடித்தால் ஏழைகளுக்குத் தனியாக உதவலாம் என்று 1980களில் விதி வந்தது. ‘அசாதாரணம்’ என்றால் எவ்வளவு? அலுவலகத்துக்கு அலுவலகம் பதில் மாறியது, வழக்குகள் போயின. சரி, எல்லாவற்றையும் எண்ணில் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் ஒரு வாரத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 1.5 டிகிரியைத் தொட்டால் அந்த வாரத்துக்கு 5 பவுண்டு.

காகிதத்தில் இது நியாயமாகத் தெரியும். பாதிரியாரின் தயவு வேண்டாம், அதிகாரியின் மனசு வேண்டாம், பாதரசம் பேசட்டும். ஆனால் குளிர் திங்கட்கிழமைதான் ஆரம்பிக்க வேண்டும் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை தொடங்கி அடுத்த புதன்கிழமை வரை ஏழு நாள் உறைந்தாலும் கணக்கில் அது இரண்டு அரைகுறை வாரம்தான். அதைவிடப் பெரிய கோளாறு, கணப்பை எரிக்கும்போது பணம் கிடைக்குமா என்று ஓர் ஏழைக் கிழவிக்குத் தெரியாது என்பது. வாரம் முடிந்து, வானிலை நிலையத்தின் கணக்கு வந்த பிறகுதான் தெரியும். பணம் வராமல் போனால் பில்லை யார் கட்டுவது என்ற பயத்தில் அவள் ஹீட்டரைப் போடவே மாட்டாள். உதவி செய்ய வந்த திட்டம் ஒரு சூதாட்டத்தை அவள் தலையில் கட்டியது.

1987 ஜனவரியில் இது சந்திக்கு வந்தது. கிழக்கிலிருந்து வந்த பனிக்காற்றில் இங்கிலாந்தின் தென்கிழக்கு முழுவதும் புதைந்தது. கென்ட் பகுதியில் ஊர்கள் துண்டிக்கப்பட்டன. தொலைக்காட்சியில் பனிக்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம், வாரச் சராசரி வரட்டும் என்று ஓர் அமைச்சரால் சொல்ல முடியுமா? இந்த உதவித்தொகைகளைக் கவனிக்கும் துறைக்கு அப்போது இணையமைச்சராக இருந்தவர் ஜான் மேஜர். பிற்பாடு பிரதமர் ஆனாரே, அவரேதான். பிரதமர் தாட்சரிடம் பேசி, தெர்மாமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் 5 பவுண்டு உண்டு என்று அறிவித்தார். அரசு போட்ட விதியை முதல் கடும் குளிரிலேயே அரசே மீறவேண்டி வந்தது.

1988இல் பழைய உதவித்தொகை முறையை மொத்தமாகக் கலைத்தார்கள். அதிகாரி பார்த்துச் சேர்த்துக் கொடுத்த கணப்புத் தொகையும் அதோடு போயிற்று. மிஞ்சியது தெர்மாமீட்டர் திட்டம் மட்டும். காலப்போக்கில் அதைச் சீர்படுத்தினார்கள். இப்போது எந்த ஏழு நாளாக இருந்தாலும் தொடர்ந்து பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே சராசரி இருந்தால் போதும், விண்ணப்பிக்க வேண்டாம், பணம் தானாக வரும். 8.50 பவுண்டாக நின்றிருந்த தொகை 2008இல் 25 பவுண்டானது. ஆனால் ஒவ்வொரு அஞ்சல் குறியீட்டையும் ஏதோ ஒரு வானிலை நிலையத்தோடு கோத்திருக்கிறார்கள். மலைமேல் இருக்கிறவருக்குப் பள்ளத்தாக்கின் வெப்பநிலை. ஸ்காட்லாந்தின் கடலோரத் தீவுகளில் எலும்பைத் துளைக்கும் காற்று அடிக்கும், ஆனால் கடலின் தயவால் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. காற்றுக்குக் கணக்கில் இடமில்லை. ஸ்காட்லாந்து இந்தத் திட்டத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டதும் முதல் வேலையாகத் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டது. 2022-23 குளிர்காலத்திலிருந்து, குளிர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அங்கே ஏழைக் குடும்பத்துக்கு நிச்சயமாக ஒரு தொகை. முதல் ஆண்டில் அது 50 பவுண்டு.

1988க்கே திரும்புவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் சுகாதாரத் துறை இளநிலை அமைச்சர் எட்வினா கர்ரி, குளிர்காலம் வருகிறது, முதியவர்கள் நீள உள்ளாடை வாங்கிக்கொள்ளுங்கள், கையுறையும் காலுறையும் பின்னிக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார். மருத்துவ ரீதியில் அதில் தவறில்லை. ஆனால் கணப்புத் தொகையை நிறுத்திய ஆண்டில், நிறுத்திய அரசின் அமைச்சர் வாயிலிருந்து அது வந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த அடி 1993 மார்ச்சில். நிதியமைச்சர் நார்மன் லாமன்ட், அதுவரை வரியே இல்லாதிருந்த வீட்டு கேஸ், கரண்டுக்கு மதிப்புக் கூட்டு வரி போட்டார். 1994 ஏப்ரலில் 8 சதவீதம், அடுத்த ஆண்டு 17.5 சதவீதம் என்று இரண்டு தவணை. ஏழை வீட்டில் வருமானத்தின் கணிசமான பகுதி எதில் போகிறதோ அதில் வரி. எவ்வளவு பகுதி என்பதைச் சொல்லத் தரவும் கைவசம் இருந்தது. ப்ரெண்டா போர்ட்மன் என்ற ஆய்வாளர் 1991இல் எரிபொருள் வறுமை பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். வீட்டைப் போதுமான சூட்டில் வைத்திருக்க வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் செலவழிக்க வேண்டியிருந்தால் அது எரிபொருள் வறுமை என்று அவர் போட்ட கோடு, பிறகு அரசின் அளவுகோலாகவே ஆனது. குறைந்த கூலி ஒரு பிரச்சினை, உயர்ந்த கட்டணம் ஒரு பிரச்சினை, ஓட்டை வீடு ஒரு பிரச்சினை, மூன்றும் ஒரே கூரைக்கு அடியில் சேர்வதுதான் இந்த வறுமை என்றார். பணம் கொடுத்தால் முதலாவது கொஞ்சம் தீரும். மூன்றாவது அப்படியே இருக்கும் என்று திரும்பத் திரும்ப எச்சரித்தவரும் அவர்தான்.

வரிக்கு எதிராகக் கோபம் கிளம்பியது. இடைத்தேர்தல்களில் ஆளுங்கட்சி அடி வாங்கியது. 1994 டிசம்பர் 6 அன்று இரண்டாம் தவணை நாடாளுமன்றத்தில் 319க்கு 311 என்ற கணக்கில் தோற்றது. அதைத் தோற்கடித்த மகிழ்ச்சியில் இருந்த லேபர் கட்சி, ஆட்சிக்கு வந்தால் 8 சதவீதத்தையும் 5 ஆகக் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்தது. 1997 மேயில் ஆட்சிக்கு வந்தது, செப்டம்பர் 1 அன்று குறைத்தது.

இங்கேதான் கதையின் நாயகன் மேடை ஏறுகிறார். புதிய நிதியமைச்சர் கார்டன் பிரவுன், 1997 நவம்பர் 25 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்தார். குளிர் மிகுந்த நாளிலும் ஹீட்டரைக் கூட்டிவைக்க முதியவர்கள் அஞ்சும் இன்னொரு குளிர்காலத்தை அனுமதிக்க மாட்டேன் என்ற பொருளில் பேசிவிட்டு, ஓய்வூதியம் பெறுவோர் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் 20 பவுண்டு, அவர்களில் வருமான உதவி பெறும் ஏழை வீடுகளுக்கு 50 பவுண்டு என்று அறிவித்தார். தெர்மாமீட்டர் இல்லை. படிவம் இல்லை. குளிர்கிறதா என்ற கேள்வியே இல்லை. வயது போதும்.

இந்த எளிமையைப் பலர் பெருந்தன்மை என்று வாழ்த்தினார்கள். நான் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். பிரவுனுக்கு அன்று வேறொரு தலைவலி இருந்தது. தாட்சர் அரசு 1980இல், அரசு ஓய்வூதியத்தைக் கூலி உயர்வோடு சேர்த்து உயர்த்தும் வழக்கத்தை வெட்டி, விலைவாசியோடு மட்டும் கட்டிவிட்டிருந்தது. கூலி வேகமாக ஏற, ஓய்வூதியம் பின்தங்கியது. அந்தப் பழைய இணைப்பைத் திரும்பக் கொடு என்று லேபர் கட்சிக்குள்ளேயே ஒரு போர். அதன் தலைவி பார்பரா காஸில், 1970களில் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் துறையின் அமைச்சராக இருந்தவர், எண்பதைத் தாண்டிய வயதிலும் மாநாட்டு மேடையில் கட்சித் தலைமையைக் கிழித்தவர். பிரவுன் இணைப்பைக் கொடுக்க மறுத்தார். இணைப்பு என்றால் ஆண்டுக்காண்டு ஏறும், யாராலும் நிறுத்த முடியாது. குளிர்காலப் பணம் அப்படி இல்லை. நிதியமைச்சர் மனம் வைத்தால் ஏறும், இல்லாவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். ஓய்வூதியத்தை உயர்த்த மறுத்த அதே கைதான் இந்தக் காசை நீட்டியது.

2000ஆவது ஆண்டைப் பார்த்தால் இது விளங்கும். விலைவாசி அவ்வளவாக ஏறாததால் அந்த ஏப்ரலில் ஓய்வூதியம் வாரத்துக்கு 75 பென்ஸ் மட்டுமே உயர்ந்தது. ஒரு பவுண்டுகூட இல்லை. நாடே சிரித்தது, முதியவர்கள் கொதித்தார்கள், செப்டம்பரில் லேபர் மாநாட்டில் ஓய்வூதியப் பிரச்சினையில் தலைமையே வாக்கெடுப்பில் தோற்றது. 1999இல் 100 பவுண்டாகியிருந்த குளிர்காலப் பணம், அந்த ஒரே ஆண்டுக்குள் முதலில் 150, பிறகு 200 பவுண்டு என்று தாவியது. 2003இல் 80 வயது தாண்டியவர்களுக்கு 300 ஆயிற்று. நடுவில் சில ஆண்டு தற்காலிகமாகக் கூட்டியதையும் குறைத்ததையும் தள்ளிவிட்டால், அடிப்படைத் தொகை இன்றைக்கும் அதே 200, 300தான். அந்த நாட்டில் 1972 முதல் ஓய்வூதியக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் போனஸ் என்று 10 பவுண்டு கொடுத்துவருகிறார்கள். அரை நூற்றாண்டாக அது 10 பவுண்டாகவே இருக்கிறது. விலைவாசியோடு கட்டிப்போடாத காசுக்கு இதுதான் கதி.

‘வயது போதும்’ என்றார்களே, அந்த வயதிலும் வம்பு இருந்தது. அப்போது பெண்களுக்கு ஓய்வூதிய வயது 60, ஆண்களுக்கு 65. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற 62 வயதுத் தபால் ஊழியர் ஒருவர் கேட்டார்: என் வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கும் 20 பவுண்டு எனக்கு ஏன் கிடையாது, எனக்கு மட்டும் குளிராதா? வழக்கு லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. குளிரிலிருந்து காப்பது நோக்கம் என்று நீங்களே சொல்கிறீர்கள், குளிர் ஆண் பெண் பார்க்காது என்பது வாதத்தின் சாரம். 1999 டிசம்பர் 16 அன்று அவர் ஜெயித்தார். அரசு 60 வயதான எல்லோருக்கும் பணம் என்று மாற்றி, பழைய பாக்கியையும் கொடுத்தது. விளைவு வேடிக்கையானது. ஓய்வூதியக்காரருக்கென்று பிறந்த பணம், 60 வயதில் இன்னும் கம்பெனி நடத்திக்கொண்டிருக்கும் முதலாளிக்கும் போக ஆரம்பித்தது.

பணம் உண்மையில் கணப்புக்குத்தான் போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நவம்பர், டிசம்பரில் வங்கிக் கணக்கில் விழும். அதில் விஸ்கி வாங்கலாம், பேரப் பிள்ளைக்குப் பொம்மை வாங்கலாம். 2011இல் லண்டனின் நிதி ஆய்வு நிறுவனம் ஒன்றின் பொருளியலாளர்கள், குடும்பச் செலவுக் கணக்குகளை வைத்து இதைத் தோண்டிப் பார்த்தார்கள். சாதாரணமாகக் கையில் கூடுதலாக 100 பவுண்டு வந்தால் ஒரு குடும்பம் அதில் 3 பவுண்டைத்தான் எரிபொருளுக்குச் செலவழிக்கும். குளிர்காலப் பணத்தில் அந்தச் செலவு 41 பவுண்டு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரசாங்கக் கடிதம் இது கணப்புக்கு என்று சொன்னதால் கிழவர்கள் ஹீட்டரைக் கூட்டிவைத்தார்கள். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பென்ஷன் வாங்கும் ஈழத்துப் பெரியவர்களுக்கும் வருவது அதே கடிதம்தான். சிக்கனத்தில் ஊறிய ஒரு தலைமுறைக்கு, ஹீட்டரைப் போடலாம் என்று அரசே கொடுத்த அனுமதிச் சீட்டு அது. பொருளியல் பாடப்புத்தகம் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மாக்களை அறிந்தவர்களுக்கு வியப்பில்லை.

அடுத்த வம்பு வெயிலில் பிறந்தது. அப்போதிருந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி, பிரிட்டனில் உரிமை பெற்றவர் ஸ்பெயினில் போய்க் குடியேறினாலும் பணம் பின்தொடர வேண்டியிருந்தது. கடற்கரையில் வெயில் காய்கிற பிரிட்டிஷ் முதியவருக்குக் குளிர்காலப் பணமா என்று நாளிதழ்கள் ஆண்டுதோறும் படம் போட்டன. ஆகவே 2015-16 குளிர்காலத்திலிருந்து தெர்மாமீட்டரை மறுபடி அலமாரியிலிருந்து எடுத்தார்கள். இந்த முறை வரைபடத்தோடு. பிரிட்டனிலேயே கதகதப்பான பகுதியான தென்மேற்கு இங்கிலாந்தின் குளிர்காலச் சராசரி 5.6 டிகிரி. அதைவிடச் சராசரி கூடிய நாட்டில் இருப்பவருக்குப் பணம் கிடையாது என்றார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், சைப்ரஸ், மால்டா, ஜிப்ரால்டர் போயின. ஏழாவதாக ஃபிரான்ஸும் போனது!

ஃபிரான்ஸ் எப்படிப் போகும் என்று கேட்டால், கணக்கு அப்படி. இந்துமாக் கடலில் இருக்கும் ரீயூனியன் தீவும், கரீபியக் கடலின் குவாதலூப்பும் மார்த்தினிக்கும் சட்டப்படி ஃபிரான்ஸ்தான். அந்த வெயிலையும் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கிராமத்தில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஓய்வூதியக்காரர், காகிதத்தில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இத்தாலி தப்பித்தது, ஆகவே சிசிலியில் இருப்பவருக்குப் பணம் வந்தது. போர்ச்சுகலின் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. மேற்கு ஐரோப்பாவிலேயே குளிர்காலச் சாவு விகிதம் மிக அதிகமாக ஏறும் நாடுகளில் ஒன்று அது. அங்கே வெளியே இதமாக இருக்கும், உள்ளே சூடாக்க வசதியில்லாத வீடுகள் உறைந்துபோகும். தெர்மாமீட்டரை வீட்டுக்கு வெளியே தொங்கவிட்டு உள்ளே இருப்பவரின் குளிரை அளக்க முடியாது என்பதை இதைவிட யாரும் அழகாக நிரூபிக்க முடியாது.

பணக்காரருக்கும் போகிறதே என்ற முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை. 2017 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி, இனி வருமானம் பார்த்துத்தான் தருவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. அதனால் சுமார் 4,000 முதியவர்கள் உயிரிழக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டி லேபர் கட்சி முழங்கியது. பிரதமர் தெரேசா மே பெரும்பான்மை இழந்தார், ஆட்சிக்கு வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் தயவு தேவைப்பட்டது, அவர்கள் வைத்த நிபந்தனைகளில் குளிர்காலப் பணமும் ஒன்று. திட்டம் கைவிடப்பட்டது.

ஏழு ஆண்டு கழித்து, 2024 ஜூலையில் லேபர் ஆட்சிக்கு வந்தது. அந்த மாதம் 29ஆம் தேதி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், கஜானாவில் 2,200 கோடி பவுண்டு ஓட்டை இருக்கிறது என்று சொல்லி, இனி பென்ஷன் கிரெடிட் போன்ற வறியோர் உதவி பெறுபவர்களுக்கு மட்டுமே குளிர்காலப் பணம் என்றார். சுமார் 1 கோடி பேர் ஒரே அறிவிப்பில் பட்டியலிலிருந்து நீங்கினார்கள். 2017இல் லேபரே போட்ட 4,000 பேர் கணக்கை எதிர்க்கட்சி எடுத்து அதன் முகத்துக்கு நேரே வீசியது. செப்டம்பர் 10 அன்று வாக்கெடுப்பில் 348க்கு 228 என்று அரசு ஜெயித்தது. சொந்தக் கட்சியில் ஒரே ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். பலர் வாக்களிக்கவே வரவில்லை.

பணக்காரருக்குக் கொடுக்காதே என்பது ஒழுங்கான வாதம்தான். அதைச் செய்த விதம்தான் மோசம். பென்ஷன் கிரெடிட் வாங்கத் தகுதி இருந்தும் வாங்காத குடும்பங்கள் 8,80,000 வரை இருக்கலாம் என்று அரசே சொன்னது. ஏன் வாங்கவில்லை? விண்ணப்பத்தில் 200க்கும் மேற்பட்ட கேள்விகள். சிலருக்குப் பிச்சை கேட்பது போன்ற கூச்சம். சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இவர்களுக்கு மேலே இன்னொரு கூட்டம், வருமான வரம்பைச் சில பவுண்டு தாண்டியதால் எதுவும் கிடைக்காதவர்கள். பிரவுனின் பழைய முறை கோடீஸ்வரனுக்கும் 200 பவுண்டு கொடுத்து வீணடித்தது, உண்மை. ஆனால் படிவத்துக்கு அஞ்சிய கிழவியையும் அது விட்டுவிடவில்லை. அதுவும் உக்ரைன் போருக்குப் பிறகு ஒரு சராசரி வீட்டின் ஆண்டு பில்லை 2,500 பவுண்டில் பிடித்து நிறுத்தவே அரசு மானியம் கொட்டவேண்டியிருந்ததை நாடு கண்கூடாகப் பார்த்த பின் வந்தது இந்த வெட்டு.

2025 மே 1 உள்ளாட்சித் தேர்தலில் லேபர் சரிந்தது. அதே நாளில் ரன்கார்ன் இடைத்தேர்தலில் 6 வாக்கு வித்தியாசத்தில் தொகுதி பறிபோனது. வீடு வீடாகப் போன தொண்டர்கள் கேட்டுவந்தது எல்லாம் இந்தக் காசைப் பற்றித்தான். மே 21 அன்று பிரதமர் ஸ்டார்மர் பின்வாங்கலைக் கோடிகாட்டினார், ஜூன் 9 அன்று ரீவ்ஸ் விவரம் சொன்னார். ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள எல்லா முதியவர்களுக்கும் பணம் திரும்பவும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 90 லட்சம் பேர்.

இதில் ஒருவர் கண்ணிலும் படாமல் போனவர்கள் ஓய்வூதிய வயது ஆகாத ஏழைகள். கைக்குழந்தையோடு ஈரச் சுவர் வீட்டில் இருக்கும் 25 வயதுத் தாய்க்கு இந்தப் பணத்தில் ஒரு பென்னிகூடக் கிடையாது. அவளுக்கு 2011இல் வந்த வேறொரு திட்டம் இருக்கிறது: கரண்ட் பில்லில் ஒரு தள்ளுபடி, இப்போது ஆண்டுக்கு 150 பவுண்டு. அதற்கான பணத்தை அரசு கஜானாவிலிருந்து தராமல், எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலும் கொஞ்சம் கூட்டி வசூலிக்கிறார்கள், ஏழைகளின் பில் உட்பட. சூடு தாங்காத வீடுதானா என்று முன்பு ஒரு கணக்குப் போட்டுப் பலரை வடிகட்டினார்கள். 2025 குளிர்காலத்துக்கு அந்தச் சல்லடையை எடுத்துவிட்டு, உதவித்தொகை பெறும் சுமார் 60 லட்சம் வீடுகளுக்கு விரித்தார்கள்.

35,000 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ள முதியவர்களை என்ன செய்வது? யார் என்று முன்கூட்டியே தேடிப்பிடிப்பது சிரமம். ஆகவே அவர்களுக்கும் பணத்தை அனுப்பிவிட்டு, பிறகு வருமான வரித்துறை அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். 200 பவுண்டு என்றால் 12 மாதத்துக்கு மாதம் 17 பவுண்டு போல. இந்தக் கொடுத்து வாங்கும் வம்பே வேண்டாம் என்பவர்கள் முன்னதாகவே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். ஏழைகள் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றும் இல்லை. பணக்காரர்களுக்கு மட்டும், எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்.